ஈடுபாட்டு ஸ்கோர் 44, வேலைக் கணக்கு 98: இரண்டும் ஒரே டீம். எதை நம்புவது?

சாங்கி_ஆன்கால் | திங்கள், இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில், சாங்கி வர்த்தகப் பூங்காவில் ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறேன். பணப் பரிவர்த்தனை சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்ளும் டீமுக்கு லீட். என்னைச் சேர்க்காமல் ஒன்பது பேர். நான்கு பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், இருவர் பிலிப்பீன்ஸ், ஒருவர் மியன்மார், இருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நான் லீட் ஆகி ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது.

போன வாரம் ஊழியர் ஈடுபாட்டு சர்வேயின் முடிவு வந்தது. சாதகமாகப் பதில் சொன்னவர்களின் சதவீதம்தான் ஸ்கோர். போன வருஷம் எங்களுக்கு 78. இந்த வருஷம் 44. எங்கள் மாடியில் ஆறு டீம், நாங்கள் கடைசி.

அதே வாரம் வேலைக் கணக்கும் வந்தது. அலர்ட் (சிஸ்டம் தானாக அனுப்பும் எச்சரிக்கை) வந்த 15 நிமிடத்துக்குள் ஆள் எடுத்துப் பார்த்தது 98 சதவீதம். டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) எல்லாம் கெடுவுக்குள் மூடியாகிவிட்டது. வாடிக்கையாளரைப் பாதித்த நிறுத்தம் இந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. இதில் நாங்கள் முதல்.

மேனேஜர் இரண்டு தாளையும் மேஜையில் அடுத்தடுத்து வைத்தார். "வேலை நன்றாகத்தானே நடக்கிறது, அந்த ஸ்கோரை மட்டும் ஏற்றப் பார். மாதக் கடைசிக்குள் ஒரு திட்டம் கொடு" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவரையும் மேலே கேட்கிறார்கள். மாதிரிக்கு ஒரு பழைய திட்டத்தையும் அனுப்பினார்: பௌலிங், டீம் சாப்பாடு, மாதம் ஒருவருக்கு ஐம்பது வெள்ளி வவுச்சர்.

என்னால் அதை அப்படியே எழுதிக் கொடுக்க முடியவில்லை. ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. டீமில் ஒரு தம்பி இருக்கிறார். மற்றவர் எழுதிய கோடைச் சரிபார்க்க அவருக்கு ரிவியூவுக்கு அனுப்பினால் முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு வரி எழுதுவார். "இங்கே 30 வினாடி காத்திருக்கிறோம், அந்தப் பக்க சிஸ்டம் 20 வினாடியில் துண்டித்துவிடும், நம் பக்கம் மறுபடி அனுப்பும், அப்புறம் ஒரே பணம் இரண்டு தடவை போகும்" என்ற மாதிரி. ஒரு தடவை தாளில் படம் வரைந்து, போனில் எடுத்து ஒட்டியிருந்தார். ஏப்ரலிலிருந்து அவர் எழுதுவது "ஓகே". அவ்வளவுதான். நேற்று இரவு உட்கார்ந்து எண்ணினேன். கடைசி 41 ரிவியூவில் 38 இந்த ஒற்றைச் சொல். நேரத்துக்கு வருகிறார், டிக்கெட்டை முடிக்கிறார், அலர்ட்டை எடுக்கிறார். எந்தக் கணக்கிலும் அவர் மேல் ஒரு குறை காட்ட முடியாது.

என் கேள்வி இதுதான். ஈடுபாடு இறங்கியும் வேலை நன்றாக நடக்குமா? இல்லை, நன்றாக நடக்கிறது என்று நாங்கள் நினைப்பதே தவறா? எது முன்னால் போகிறது, எது பின்னால் வருகிறது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொங்கோல்_ஜாவா | திங்கள், இரவு 11.30

17 வருஷமாக டெவலப்பர். சர்வே ஸ்கோரை நான் நம்புவதில்லை. என் பழைய டீமில் ஸ்கோர் 90க்கு மேல். சேர்ந்து சாப்பிடுவோம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூப்பந்து ஆடுவோம். அந்த வருஷம் ஒரே ரிலீஸ் மூன்று தடவை தள்ளிப்போனது. ஒருவரையொருவர் நோகடிக்க மனம் வராமல், தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. ஈடுபாடு இருந்தால் வேலை தானாக நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

வேலை தெரிந்த ஆட்கள், நியாயமான சம்பளம், நாள் பூராவும் மீட்டிங் இல்லாமல் இருப்பது. இது மூன்றும் இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த "ஓகே" எனக்கும் உறுத்துகிறது. அவரிடம் நேரில் பேசினீர்களா?

ஈசூன்_அக்கா | செவ்வாய், காலை 7.15

தம்பி, டெஸ்டராகச் சேர்ந்து இப்போது நாற்பது பேர் உள்ள பிரிவைப் பார்க்கிறேன், 24 வருஷம் ஆகிறது. நாற்பது வயதுக்கு மேல் பகுதிநேரமாக நிறுவன உளவியல் படித்தேன். உங்கள் கேள்விதான் என்னைப் படிக்கவே வைத்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் எண். 2001இல் டிமத்தி ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 312 மாதிரிகள், 54,000 பேருக்கு மேல். வேலையில் மனநிறைவுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) சராசரியாக 0.30. அதாவது ஆளுக்கு ஆள் திறன் கூடிக் குறைவதில் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் மனநிறைவோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. மீதி வேறு காரணங்கள். பொங்கோல் தம்பி பார்த்தது பொய்யில்லை, இந்த இடத்தில்தான் அது வருகிறது. ஆனால் அதே ஆய்வில் சிக்கலான வேலைகளை மட்டும் தனியாகப் பார்த்தபோது 0.52. யோசித்து, தானே முடிவெடுத்துச் செய்யும் வேலைகளில் மனம் எங்கே இருக்கிறது என்பது அதிகம் பேசுகிறது. நம் வேலை அந்த வகை. (மனநிறைவும் ஈடுபாடும் ஒன்றல்ல. ஒரு வேலையில் ஆள் சௌகரியமாக இருப்பார், ஆனால் மூழ்கிச் செய்யமாட்டார். சர்வேக்களில் இரண்டும் கலந்தே வரும்.)

எது முன்னால் என்று கேட்டீர்கள். 2003இல் பெஞ்சமின் ஷ்னைடர் குழு 35 நிறுவனங்களின் எட்டு வருஷத் தகவலை வைத்துப் பார்த்தது. ஊழியர் திருப்தியாக இருந்ததால் நிறுவனம் நன்றாக நடந்தது என்பதைவிட, நிறுவனம் நன்றாக நடந்ததால் ஊழியர் திருப்தியாக இருந்தார்கள் என்ற பக்கம்தான் வலுவாக வந்தது. டெரசா அமாபில் 238 பேரிடம் தினக்குறிப்பு வாங்கிப் படித்துச் சொன்னதும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: பொருளுள்ள ஒரு வேலையில் இன்றைக்குக் கொஞ்சமாவது முன்னேறினோம் என்பதுதான் மனதை எல்லாவற்றையும்விடத் தூக்கி நிறுத்துகிறது. பௌலிங் தப்பில்லை, போய் வாருங்கள். ஆனால் பகலெல்லாம் எதுவும் நகராத ஆளுக்குச் சாயங்காலம் பந்து உருட்டி என்ன ஆகிவிடும்?

இப்போது என் சொந்தக் கதை. வேறொரு நிறுவனத்தில் எனக்கும் இப்படி ஒரு டீம் இருந்தது. கணக்கெல்லாம் பச்சை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டம் ஆறு மணி நேரம் படுத்துவிட்டது. காரணம் தேடி இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மூலையில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள், "சிஸ்டத்தின் இந்த டிஜிட்டல் சான்றிதழ் இன்றோடு காலாவதி ஆகும் என்று எனக்கு மார்ச்சிலேயே தெரியும் அக்கா." ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் அவள் சொன்ன எத்தனை விஷயங்களை நான் "பார்க்கலாம்" என்று தள்ளியிருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வால்டர் போர்மன், ஸ்டீபன் மோட்டோவிட்லோ இருவரும் 1993இல் வேலைத் திறனை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, வேலை என்று எழுதிக் கொடுத்ததைச் செய்வது. இன்னொன்று, எழுதிக் கொடுக்காதது: பக்கத்து ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது, வரப்போகும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்வது. நான் பார்த்தவரை மனம் விலகிய ஆளிடம் முதலில் போவது இரண்டாவது. முதலாவது மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். உங்கள் 98 முதலாவதை மட்டும் அளக்கிறது. அந்த "ஓகே" இரண்டாவது.

ஒரு வேலை செய்யுங்கள். அந்த 98ஐப் பிரித்துப் பாருங்கள். என்னென்ன அலர்ட், எத்தனை மணிக்கு, அதில் உண்மையாகவே கை வைக்க வேண்டியிருந்தவை எத்தனை?

எண்ணும்_மனிதவளம் | செவ்வாய், மதியம் 1.05

நான் ஒரு மனிதவளப் பிரிவில் இந்த சர்வே எண்களைப் பார்க்கும் ஆள். உங்கள் நிறுவனம் இல்லை.

ஒன்பது பேர் டீமில் ஒருவர் மனம் மாறினால் ஸ்கோர் 11 புள்ளி நகரும். 78 என்றால் ஏழு பேர், 44 என்றால் நான்கு பேர். ஆக, நீங்கள் பேசிக்கொண்டிருப்பது மூன்று பேரைப் பற்றி. அவர்கள் யார் என்று தேடாதீர்கள். தயவுசெய்து தேடாதீர்கள். லீட் தேடுகிறார் என்ற வாடை அடித்தாலே அடுத்த வருஷம் எல்லோரும் எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுவிடுவார்கள், அந்த ஸ்கோரால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது. மொத்த எண்ணை விட்டுவிட்டு எந்தக் கேள்வியில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கேலப் நிறுவனத்தின் ஈடுபாட்டு சர்வேயில் உள்ள 12 கேள்விகளிலேயே "என்னிடம் எதிர்பார்ப்பது என்னவென்று தெரியும்" என்பது ஒன்று, "என் கருத்து கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

இன்னொன்று. யாரும் வேலையை விடவில்லையே என்று நிம்மதிப்படாதீர்கள். உங்கள் டீமில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருப்பவர்கள் இருப்பார்கள். அந்தப் பாஸ் முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போய்ப் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் இங்கே இருக்கலாம். பிள்ளைக்கு இங்கே பள்ளிக்கூடம், வீட்டுக்கு இரண்டு வருஷ வாடகை ஒப்பந்தம். அப்படி இருக்கிறவர் பிடிக்காவிட்டாலும் உடனே போகமாட்டார், அலர்ட்டையும் 15 நிமிடத்துக்குள் எடுப்பார். அதை ஈடுபாடு என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

சாங்கி_ஆன்கால் | வியாழன், இரவு 11.48

அக்கா, நீங்கள் சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். இரண்டு இரவு ஆனது.

போன மாதம் மொத்தம் 412 அலர்ட். யாராவது உண்மையாகக் கை வைக்க வேண்டியிருந்தவை 31. மீதியெல்லாம் எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, "பார்த்துவிட்டேன்" என்று அழுத்தி மூடியவை. இரவு பன்னிரண்டிலிருந்து காலை ஆறுக்குள் வந்தவை மட்டும் 58. அதில் பாதிக்கு மேல் ஒரே அலர்ட். ராத்திரி 2.40க்கு பேட்ச் ஜாப் (மொத்தமாகத் தானே ஓடும் வேலை) ஓடும்போது தற்காலிகக் கோப்புகள் சேர்ந்து டிஸ்க் 80 சதவீதத்தைத் தாண்டும். அலர்ட் அடிக்கும். 12 நிமிடத்தில் ஜாப் முடிந்து கோப்புகள் அழிந்து தானாகவே இறங்கிவிடும். இதற்காக வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து இரவில் எழுந்திருக்கிறார்கள். நான் மேனேஜரிடம் பெருமையாகக் காட்டிய 98இல் இந்தத் தூக்கம் எல்லாம் அடக்கம்.

ஏன் இவ்வளவு அலர்ட் என்பதற்கும் காரணம் உண்டு. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி ஒரு வங்கியின் முக்கியமான சிஸ்டம் எந்த 12 மாதத்திலும் திட்டமிடாமல் நிற்கும் நேரம் மொத்தம் 4 மணிக்குள் இருக்க வேண்டும். பெரிய கோளாறு என்று தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும், 14 நாளில் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஒரு அலர்ட் கூடும். இருப்பதை நீக்க யாருக்கும் துணிச்சல் வராது. விதி நியாயமானது, மக்கள் பணம். ஆனால் 412 அலர்ட் வை என்று விதி சொல்லவில்லை.

கேள்விவாரியாகவும் பார்த்தேன். அதிகமாக விழுந்தது ஒன்றில்தான். "என் கருத்து கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது": போன வருஷம் எட்டுப் பேர், இந்த வருஷம் இரண்டு பேர்.

அப்புறம் பழைய டிக்கெட்டுகளைத் தேடினேன். பிப்ரவரியில் அந்தத் தம்பி ஒரு டிக்கெட் போட்டிருக்கிறார். "2.40 அலர்ட்டை 92 சதவீதத்துக்கு மாற்றலாம், அல்லது 20 நிமிடம் தொடர்ந்து இருந்தால் மட்டும் அடிக்கச் செய்யலாம்." கூடவே மூன்று மாத வரைபடம், எந்த இரவிலும் 87ஐத் தாண்டவில்லை என்று காட்டி. மார்ச் கடைசி வாரம் அது மூடப்பட்டிருக்கிறது. மூடியது நான். "இப்போது முன்னுரிமை இல்லை." வேறு ஒரு சொல் இல்லை. காலாண்டு முடிவுக்குள் திறந்திருக்கும் டிக்கெட் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், ஒரே நாளில் அறுபது எழுபது மூடினேன். அதில் இது ஒன்று. அந்தத் திரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை அவரிடம் பேசுகிறேன். அலர்ட்டைக் குறைக்க இடர் நிர்வாகப் பிரிவின் சம்மதம் வேண்டும். இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

விடியல்_ஷிப்ட் | வெள்ளி, காலை 6.20

ஷிப்ட் முடிந்து எம்ஆர்டியில் இருந்து எழுதுகிறேன். நாங்கள் செய்தோம். "அலர்ட்டை நீக்குகிறோம்" என்று போய் நிற்காதீர்கள், உடனே முடியாது என்பார்கள். "ஆளை எழுப்புவது", "காலை ஒன்பதுக்கு ஒன்றாகப் பார்ப்பது" என்று இரண்டாகப் பிரிக்கிறோம் என்று சொல்லுங்கள். எதுவும் அழியாது, பதிவு முழுக்க இருக்கும். இரண்டு வாரம் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். புதிய முறையில் தவறியிருக்கும் என்று ஒன்றாவது இருந்தால் நீங்களே முதலில் காட்டுங்கள். எங்களுக்கு இரண்டு இருந்தன, காட்டினோம், அதற்கப்புறம்தான் நம்பினார்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். இரவு எழுந்தவர் மறுநாள் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்று எழுத்தில் வையுங்கள். வாய்வார்த்தையாக இருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். காலை ஸ்டாண்டப் மீட்டிங்குக்குச் சிவந்த கண்ணோடு வந்து உட்காருவார்கள்.

ஈசூன்_அக்கா | வெள்ளி, காலை 8.02

தம்பி, அந்தப் பிள்ளையிடம் பேசும்போது சர்வேயைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதீர்கள். டிக்கெட்டை மட்டும் பேசுங்கள்.

சாங்கி_ஆன்கால் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

கேட்டுவிட்டுக் காணாமல் போனால் சரியில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமையே அவரை எக்ஸ்போ பக்கம் காப்பிக்கடைக்குக் கூப்பிட்டுப் போனேன். இரண்டு தே ஓ (பால் இல்லாத டீ). டிக்கெட்டைத் தாளில் எடுத்துப் போயிருந்தேன். "இதை நான் படிக்காமலே மூடிவிட்டேன், தப்பு என்னுடையது" என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூடியது பரவாயில்லை அண்ணா. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வரைபடத்துக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை போனது" என்றார். அப்புறம் பத்து நிமிடம் அந்த டிஸ்க்கைப் பற்றி மட்டும் பேசினார். பேசப் பேசத் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார்.

மேனேஜருக்குக் கொடுத்த திட்டம் ஒரே பக்கம். அலர்ட்டை இரண்டாகப் பிரிப்பது, இரவு எழுந்தவருக்கு மறுநாள் பதினொரு மணி, மூடும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் காரணம் ஒரு வரி. பௌலிங்கை எடுக்கவில்லை, அது டிசம்பரில் இருக்கிறது. இடர் நிர்வாகப் பிரிவுக்கு விடியல் சொன்ன வழியில் போனோம். இரண்டு வாரப் பரிசோதனையில் ஒரு அலர்ட்டைத் தவறாகக் காலைப் பட்டியலில் போட்டிருந்தது தெரிந்தது. நாங்களே சொல்லித் திருத்தினோம். நன்றி, அது இல்லாமல் ஒப்புதல் கிடைத்திருக்காது.

போன மாதக் கணக்கு: ஆளை எழுப்பும் வகை அலர்ட் 67. அதில் இரவில் வந்தவை ஆறு. 15 நிமிடத்துக்குள் எடுத்தது 94 சதவீதம். ஆமாம், 98 இறங்கிவிட்டது. மேனேஜர் உடனே கூப்பிட்டார். 412இல் 2 சதவீதம் என்றால் எட்டுத் தடவை தவறியிருக்கிறோம், 67இல் 6 சதவீதம் என்றால் நான்கு தடவைதான் என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேலே காட்ட அதை ஒரு ஸ்லைடாகக் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து சதவீதத்தோடு எண்ணிக்கையையும் சேர்த்துப் போடச் சம்மதித்திருக்கிறார்.

எல்லாம் நன்றாகப் போய்விடவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் இருவரில் ஒருவர் ராஜினாமா கொடுத்துவிட்டார். மே மாதமே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார், இப்போது நடப்பது பிடித்திருக்கிறது என்றும் சொன்னார், ஆனாலும் போகிறார். புது ஆள் வரும்வரை அலர்ட் பார்க்கும் முறைப்பட்டியலில் எட்டுப் பேர்தான். அவர் பங்கு ஆன்-காலில் (அலர்ட் வந்தால் எடுக்கும் முறை) இரண்டு வாரத்தை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொங்கோல், உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் இல்லாமல் போனதாக எழுதியிருந்தீர்கள். எங்களிடம் ஆள் இருந்தார், கேட்க நான் இல்லை. உங்கள் 90க்கும் எங்கள் 44க்கும் பின்னால் இருந்த கோளாறு கிட்டத்தட்ட ஒன்றே என்று தோன்றுகிறது.

அடுத்த சர்வே ஜூலையில். அதற்குள் அந்த பேட்ச் ஜாப் தற்காலிகக் கோப்புகளை வேறு டிஸ்க்கில் எழுதும்படி மாற்ற வேண்டும். அதைத் தம்பிதான் கேட்டு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிவியூவுக்கு எனக்கு அனுப்பியிருக்கிறார், 340 வரி. இன்று இரவு உட்கார்ந்து படிக்கப் போகிறேன்.